கேமரா பார்க்காத சுவர்

பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லில் துளை போட்டு நிமிரவும், இன்ஸ்பெக்டர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. என் வலது கன்னம் மரத்துக் கிடந்தது. வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய். குறுக்கே பேச வழியில்லாததால் அன்று காலை நடந்த சண்டையை ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

“அந்த சினிமா செட்டை உடைச்சது நீங்கதானே?”

“இல்ல.”

“உடைப்பேன்னு இன்டர்நெட்ல எழுதியிருக்கீங்க.”

“வாராவாரம் எழுதறேன். பல் தேய்க்கலன்னா கொன்னுடுவேன்னு பேஷன்ட்டுங்க கிட்டயும்தான் சொல்றேன். எத்தனை பேர் செத்திருக்காங்க?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “நேத்து சாயங்காலம் உங்க கார் ஸ்டூடியோ காம்பவுண்டை ஒட்டி நின்னிருக்கு. கேட் கேமராவுல பதிவாயிருக்கு.”

“விளக்கைப் பாக்கப் போனேன்.”

“எந்த விளக்கு?”

“தப்பான விளக்கு.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் குழாயோடு தலையை ஆட்டினேன். எனக்கும் புரியவில்லை என்று அர்த்தம்.

“சாயங்காலம் வருவேன். அதுக்குள்ள க்ளினிக்கைப் பூட்டிட்டு வீட்ல சொல்லிட்டு ரெடியா இருங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்தார். துளையில் ஒரு துண்டுப் பஞ்சை அடைத்தார். “மீதியை நான் ஜாமீன்ல வந்ததும் பாத்துக்கலாம்.”

வெளியறையில் பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அண்ணி எழுந்து உள்ளே வந்தார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்த பிறகு, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடும் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய ஆரம்பித்தவர். நான் அவருக்கு டிரைவர், உதவியாளன், திட்டு வாங்குகிறவன். இப்போது அண்ணியும் இல்லை. இருந்தவரை அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அதனால் நானும் அவரைப் புகழாமல் எழுதப் பார்க்கிறேன்.

“என் கொழுந்தன் பல்லைப் பாதியில விட்டுட்டு ஜெயிலுக்குப் போறது சரியில்ல டாக்டர். என்ன நடந்துச்சு?”

“நீங்க யாரு கேக்கறதுக்கு?”

“பஞ்சு வச்ச பேஷன்ட்டோட அண்ணி.”

டாக்டருக்கு அண்ணியைப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவர் சொல்வதைக் கேட்க அங்கே வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். எக்ஸ்ரே படங்களுக்கு நடுவே ‘மழைவீடு’ என்ற கேம் இருந்தது. கல்லூரி நாளிலிருந்து அதை ஆடுகிறாராம். ஓர் ஓவியர் தனியாளாக வீட்டில் உட்கார்ந்து வரைந்து உருவாக்கியது. அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள். அந்த ஓவியர் போன வருடம் தன் வீட்டு மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். இப்போது அதைப் படமாக எடுக்கிறார்கள்.

“முதல் டீஸர் வந்தப்ப கண்றாவியா இருந்துச்சு. கைப்பிடி தப்பு, ஜன்னல் தப்பு. மரப்படியில கம்பளத்தை விரிச்சு வச்சிருந்தான் அந்த ஆர்ட் டைரக்டர். நாங்க கிழிச்சுத் தொங்கவிட்டோம். மொத்த செட்டையும் பிரிச்சு மறுபடி கட்டினான். இப்ப விளக்கு ஒண்ணுதான் தப்பு. பச்சைக் கண்ணாடி இருக்கணும். நீலம் மாட்டியிருக்கான். பச்சையில கதாநாயகி முகம் காமாலை வந்த மாதிரி தெரியுதாம்.”

திரையில் ஒரு சின்னப் பெண் பொம்மை கூடத்தில் நடந்தது. எதிரே மாடிப்படி, மேலே பச்சை விளக்கு.

“இந்தப் பக்கம் திரும்பச் சொல்லுங்க, பாக்கலாம்” என்றார் அண்ணி.

“திரும்பாது. அந்தக் காலத்து கேம். கேமரா ஒரே எடத்துல நிக்கும், நாடகம் பாக்கற மாதிரி. அதைக் கூடத் தெரிஞ்சுக்காம என்னைக் காப்பாத்த வந்தீங்களா?”

“உங்களைக் காப்பாத்த வரல. அவன் பல்லைக் காப்பாத்த வந்தேன்” என்று சொல்லிவிட்டு அண்ணி கைப்பையை எடுத்தார்.

ஸ்டூடியோ காவலாளி எங்களை உள்ளே விடவில்லை. அண்ணி தன் பழைய ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டார். செட்டை இன்ஷ்யூர் செய்திருந்தது அவர்கள்தான். நஷ்டத்தை யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. யார் போனால் என்ன என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆர்ட் டைரக்டர் மெலிந்த ஆள். காதில் பென்சில். கையில் லேசரால் நீளம் அளக்கும் கருவி. அதைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு, பேசும்போது சிவப்புப் புள்ளியை எதிராளியின் நெஞ்சில் நிறுத்தும் பழக்கம் அவருக்கு இருந்தது.

“இன்ஷ்யூரன்ஸா? முதல்ல அந்தப் பல் புடுங்கியை உள்ள போடுங்க. அப்புறம் வந்து மதிப்புப் போடலாம்.” புள்ளி என் மேல் வந்தது. “இவர் யாரு, வாயில என்ன?”

“பஞ்சு” என்றேன். மரத்த உதட்டிலிருந்து அதற்கு மேல் வரவில்லை.

“உதவியாளர்” என்றார் அண்ணி. “குறைவாப் பேசற நாள்ல நல்லா வேலை செய்வார்.”

செட் ஒரு பெரிய கூடம். சற்று முன் டாக்டரின் திரையில் பார்த்த அதே கூடம். அதே மரப்படி, அதே உயரமான கண்ணாடி அலமாரி, சுவரில் அதே சட்டமிட்ட படங்கள். மேலே நீல விளக்கு முழுசாகத் தொங்கியது. படிக்கு நேர் எதிரே, நாங்கள் நுழைந்த வாசல் சுவர் மட்டும் நொறுக்கப்பட்டிருந்தது. நிலைச்சட்டம் நின்றது. அதன் இரு பக்கத்துப் ப்ளைவுட்டையும் யாரோ சம்மட்டியால் அடித்துத் தூளாக்கியிருந்தார்கள். தச்சர்கள் துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“சாக்கை அங்கேயே வைங்க. க்ளெய்ம் முடியற வரைக்கும் ஒரு ஆணி வெளிய போகக் கூடாது” என்றார் அண்ணி.

“ஷூட்டிங் இருக்கு மேடம்.”

“அப்ப க்ளெய்ம் வேண்டாமா?”

சாக்குகள் நின்றன.

அண்ணி விளக்கையே அண்ணாந்து பார்த்தார். “டாக்டருக்கு இந்த விளக்கைக் கண்டா ஆகாது இல்லையா?”

“அதைப் பத்தித்தான் பக்கம் பக்கமா எழுதறான்.”

“சம்மட்டியோட உள்ள வந்தவர் இதை ஏன் விட்டுட்டார்?”

“எனக்கென்ன தெரியும்? கை எட்டியிருக்காது.”

“அலமாரிக் கண்ணாடி எட்டுமே. ஆத்திரத்துல உடைக்கிறவன் சத்தம் வர்றதைத்தான் முதல்ல உடைப்பான்.”

“நீங்க மதிப்புப் போட வந்தீங்களா, வக்காலத்து வாங்க வந்தீங்களா?” சிவப்புப் புள்ளி அண்ணியின் நெற்றியில் நின்றது. பொட்டு வைத்த மாதிரி இருந்தது. அண்ணி நகரவில்லை.

“செட்டை எப்படி இவ்வளவு சரியாக் கட்டினீங்க? அந்த ஓவியர் வீட்டுக்குப் போனீங்களோ?”

“எதுக்குப் போகணும்? கேமை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படமா அளந்தோம். கேம்ல இல்லாத ஒரு ஆணி இந்த செட்ல கிடையாது. அந்தாளை நான் பாத்ததே இல்ல. ஒரு தடவை ஃபோன்ல உதவி கேட்டேன். முடியாதுன்னு வச்சுட்டார்.”

“இன்னிக்கு அவரோட மனைவி இங்க வர்றாங்கன்னு வாசல்ல சொன்னாங்க.”

“ப்ரொட்யூசர் ஏற்பாடு. அந்தம்மா செட்டைப் பாத்துக் கண் கலங்கற மாதிரி ஒரு வீடியோ. அதைப் போட்டா ரசிகனுங்க வாயை மூடுவானுங்க. நேத்து மத்தியானம்தான் எனக்கே சொன்னாங்க.”

“நேத்து மத்தியானம்” என்று அண்ணி திருப்பிச் சொன்னார். அவருடைய குரலில் ஒன்றும் இல்லை. அவர் அப்படிப் பேசினால் நான் சட்டைக் கையை மடித்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

ஆர்ட் டைரக்டர் யாரையோ திட்டப் போனதும் நாங்கள் சாக்குகளைக் கொட்டினோம். மண்டியிட்டுப் பொறுக்கினேன். தரையை ஒட்டி ஓடும் மரப்பட்டியோடு சேர்ந்த ஒரு துண்டு கிடைத்தது. பட்டிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சுவிட்ச் போர்டு. நிற்க வைத்தால் அது என் தொடைப் பக்கத்தில் வந்தது. நான் விளக்குப் போட வேண்டுமென்றால் குனிய வேண்டும்.

“குள்ளருங்க வீடா அண்ணி?” என்று பஞ்சுக்கு நடுவே கேட்டேன்.

அண்ணி தலைமைத் தச்சரைக் கூப்பிட்டார். “இது ஏங்க இவ்வளவு கீழ?”

“சார் குடுத்த அளவும்மா. எனக்கும் இடிச்சுது, கேட்டேன். போன தடவை நீங்கல்லாம் மூளையைக் கசக்கினதுல ஊரே என் மானத்தை வாங்கிடுச்சு, இந்தத் தடவை யாரும் யோசிக்காதீங்க, குடுத்த அளவை அப்படியே அடிங்கன்னுட்டார். அடிச்சோம்.”

அவர் போனதும் அண்ணி என்னைக் கூடத்தின் நடுவே நிறுத்தினார். “டாக்டர் காட்டினாரே, அந்த கேம்ல தெரிஞ்ச மாதிரியே தெரியற எடத்துக்குப் போ.”

பின்னால் நகர்ந்தேன். படி, விளக்கு, அலமாரி, எல்லாம் திரையில் கண்டபடியே ஒழுங்குக்கு வந்தபோது என் முதுகு உடைந்த சுவரில் இடித்தது.

“இங்கதான்.”

“அப்ப இந்தச் சுவர் கேம்ல எப்படி இருக்கும்?”

யோசித்தேன். கேமரா திரும்பவே திரும்பாது. “இருக்கவே இருக்காது.”

“கேம்ல இல்லாத ஆணி கிடையாதுன்னார் அந்தாள். ஒரு சுவரே இருக்கு. அதுல சுவிட்ச் வேற, தொடை உயரத்துல.” அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். “ரசிகன் தப்பான எடத்தைத்தான் உடைப்பான். இந்தச் சுவர் சரியா தப்பான்னு எந்த ரசிகனுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் கொஞ்ச நேரத்துல வரப்போறாங்க. அதைக் கேள்விப்பட்ட அன்னிக்கே சுவர் உடையுது.”

“சுவிட்சை மட்டும் கழட்டியிருக்கலாமே?”

“கழட்டினா தச்சர் கேப்பார். உடைச்சா எல்லாரும் டாக்டரைக் கேப்பாங்க. இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போடு. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்னு சொல்லு.”

நானும் தலைமைத் தச்சரும் துண்டுகளை நிலைச்சட்டத்தின் இரு பக்கமும் பொருத்திக் கட்டினோம். உடைந்த தட்டை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஆனால் சுவர் என்று சொல்லலாம். உள்ளே வருகிறவருக்கு இடப்பக்கம் சுவிட்ச் போர்டு. வலப்பக்கம் வெறும் பலகை.

அந்த அம்மா சக்கர நாற்காலியில் வந்தார். தானே தள்ளிக்கொண்டு வந்தார். உதவிக்கு நீண்ட கைகளை எல்லாம் தட்டிவிட்டார்.

“நான் அழணுமாமே” என்றார். “எங்க நின்னு அழணும், காட்டுங்க. எனக்கு வேலை இருக்கு.”

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “ஆமா. எங்க வீடுதான். எங்க வீட்டைத்தான் அவர் வரைஞ்சார். அதுக்கென்ன இப்ப?”

ஆர்ட் டைரக்டர் ஓடி வந்தார். ஒட்டுப்போட்ட சுவரைக் கண்டதும் நின்றார். “இதை யார் மறுபடி வச்சது?”

“நஷ்டம் எவ்வளவு பெருசுன்னு பாக்கணும் இல்லையா” என்றார் அண்ணி. இன்ஸ்பெக்டர் படிக்கட்டுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலையைக் கெடுத்தவர்களைப் பார்க்கும் பார்வை.

அண்ணி அந்த அம்மாவிடம் போனார். “வெளிய போய் மறுபடி உள்ள வாங்கம்மா. உங்க வீட்டுக்குள்ள வர்ற மாதிரி. வந்து விளக்கைப் போடுங்க.”

“எதுக்கு?”

“உங்களை அழவைக்க இல்ல.”

அந்த அம்மா அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். உள்ளே வந்தார். வாசலைத் தாண்டியதும், பார்க்காமலே, கை தானாக நீண்டது.

வலப்பக்கம்.

வெறும் பலகையில் விரல்கள் தடவின. அங்கே ஒன்றும் இல்லை.

ஆர்ட் டைரக்டர் சத்தமாகச் சிரித்தார். “முடிஞ்சுதா மேடம்? இவங்க வீட்ல வலது பக்கம். என் செட்ல இடது பக்கம். இந்தச் சுவர் என் கற்பனை. சினிமாவுக்கு நாலு சுவரும் வேணும், அதனால கட்டினேன். இதுல எங்க இருக்கு இவங்க வீடு?”

அண்ணி வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஊசியின் மரப்பு இறங்கி, பல் தெறிக்க ஆரம்பித்தது. டாக்டர் க்ளினிக்கைப் பூட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா மட்டும் கையை எடுக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பினார். இடப்பக்கத்துச் சுவிட்ச் போர்டைப் பார்த்தார். நாற்காலியைச் சுழற்றி அதன் பக்கத்தில் போனார். விரலால் தொட்டார்.

“இது எங்க வீடு இல்ல” என்றார். “அட்டை வீடு.”

“எந்த அட்டை வீடு?” என்று அண்ணி கேட்டார்.

“கேம் வரையறதுக்கு முன்னால அட்டையில ஒரு சின்ன வீடு செஞ்சு வச்சுக்கிட்டார். அதைப் பாத்துத்தான் வரைவார். இந்தப் பக்கம் மட்டும் சுவர் வைக்கல, எட்டிப் பாக்கறதுக்காக. வருஷக் கணக்கா அப்படியே மாடியில அவர் மேசை மேல இருந்துச்சு. அன்னிக்குக் காலையில என்ன தோணுச்சோ, இந்தச் சுவரையும் செஞ்சு ஒட்டிக் கீழ எடுத்துட்டு வந்து காட்டினார். ‘நீ உள்ள வந்தா விளக்குப் போட வேண்டாமா’ன்னார். பாத்தா சுவிட்சைப் பக்கம் மாத்தி ஒட்டியிருக்கார். நாப்பது வருஷம் குடியிருக்கற வீட்ல சுவிட்ச் எந்தப் பக்கம்னு தெரியலையான்னு திட்டினேன். ‘பசை காஞ்சுடுச்சு, நாளைக்கு மாத்தறேன்’னு சிரிச்சுக்கிட்டே மறுபடி மாடிக்கு எடுத்துட்டுப் போயிட்டார்.”



“என்னிக்குக் காலையில?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கட்டியிருந்த கைகளை இறக்கிவிட்டார்.

“அவர் செத்த அன்னிக்கு. நான் காலுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வந்தா படிக்குக் கீழ கிடந்தார். அட்டை வீட்டைக் காணோம். உங்க ஸ்டேஷன்லதான் சொன்னேன். அட்டையைத் திருட யாரும்மா வருவான்னு சிரிச்சீங்க.”

இன்ஸ்பெக்டர் இப்போது சிரிக்கவில்லை.

“காலையில ஒட்டின சுவர்” என்றார் அண்ணி. அவருக்குக் குரல் திரும்பியிருந்தது. “சாயங்காலத்துக்குள்ள காணாமப் போன வீடு. இவங்களையும், நடுவுல அந்த மாடிக்கு வந்தவரையும் தவிர, சுவிட்ச் இடது பக்கம்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. நிஜ வீட்டைப் பாத்துக் கட்டியிருந்தா வலது பக்கம் வந்திருக்கும். கற்பனையில கட்டியிருந்தா நின்னு போடற உயரத்துல வந்திருக்கும்.”

சிவப்புப் புள்ளி தரையில், சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்தது. கிடந்து நடுங்கியது. ஆர்ட் டைரக்டர் கருவியை அணைக்க மறந்திருந்தார்.

“இரவல்தான் கேட்டேன்” என்றார். “ஒரு வாரம் குடுங்க, அளந்துட்டுத் தரேன்னேன். நீங்கல்லாம் என் வீட்டை நாறடிப்பீங்கன்னார். எனக்கு என்ன கெட்ட பேர் தெரியுமா? என் பொண்ணு ஸ்கூல்ல கூடக் கேலி பண்றாங்க. எடுத்துட்டுக் கிளம்பினேன். படியில பிடுங்க வந்தார். கையை உதறினேன். அவ்வளவுதான். உதறினேன்.”

“அந்த வீடு எங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“அளவெடுத்துட்டு எரிச்சுட்டேன்.”

அந்த அம்மா அவரைத் திட்டவில்லை. அதற்கப்புறம் அவர் இருக்கும் பக்கமே பார்க்கவில்லை. சுவிட்ச் போர்டு இருந்த துண்டைக் காட்டி, “இது எனக்கு வேணும்” என்றார்.

“சாட்சிப் பொருள்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கேஸ் முடிஞ்சதும் குடுங்க.”

தலைமைத் தச்சர் தயங்கித் தயங்கி, “வேணும்னா போர்டைச் சரியான பக்கத்துல வச்சுப் புதுசா ஒண்ணு அடிச்சுத் தரேன்மா” என்றார்.

“வேண்டாம். அவர் ஒட்டின மாதிரியே இருக்கட்டும்.”

காரில் ஏற்றிவிடும்போது அந்த அம்மா அண்ணியிடம், “அந்தச் சுவரைப் பத்தி ரசிகர்கள் கிட்டச் சொல்லாதீங்க. அதை அவங்களுக்காகச் செய்யல” என்றார். அண்ணி தலையசைத்தார். அந்த அம்மாவும் இப்போது இல்லை. இனி நான் சொன்னால் கோபித்துக்கொள்ள யாரும் மிச்சமில்லை.

மறுநாள் காலை நான் மறுபடி அதே நாற்காலியில் சாய்ந்திருந்தேன். டாக்டர் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“விளக்கை மாத்திட்டாங்களா?” என்றார் முதலில்.

“ஆர்ட் டைரக்டரையே மாத்தறாங்க” என்றார் அண்ணி.

“புதுசா வர்றவன் இன்னும் மோசமாத்தான் இருப்பான்.” ஊசி இறங்கியது. குழாய் என் வாய்க்குள் வந்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அது சரி, அந்த உடைஞ்ச சுவர்ல என்னதான் இருந்துச்சு? பேப்பர்ல போடல. கேம்ல கேமரா பாக்காத பக்கம். அங்க என்ன இருக்கும்னு நாங்க சண்டை போடாத நாள் இல்ல. சொல்லுங்க.”

அண்ணி வாரப் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினார்.

“ஒண்ணுமில்ல டாக்டர். அந்தப் பக்கம் வெறும் இருட்டுதான்.”

டாக்டர் நம்பவில்லை. குனிந்து என் கண்களைப் பார்த்தார்.

நான் வாயை இன்னும் அகலமாகத் திறந்தேன்.